தலையாட்ட ஓர் ஆள்

பதினோராவது தடவையும் பெயரைச் சொன்னதோடு நாக்கு ஒட்டிக்கொண்டது.

மடிக்கணினித் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் என் முகம் இருந்தது. அதன் கீழே இரண்டு நிமிடத்திலிருந்து பின்னோக்கி ஓடும் கடிகாரம். நடுவில், 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று ஒரே ஒரு வரி. கேட்டவர் யார், கேட்டுவிட்டு எங்கே எழுந்து போனார் என்று தெரியவில்லை.

"அம்மா, இன்னும் ஒன்றரை நிமிஷம் இருக்கு. ஏதாவது பேசு," என்றாள் மகள், கதவில் சாய்ந்தபடி.

"யார்கிட்டடி பேசுறது?"

"கேமராகிட்ட."

"அது கேக்குதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அது கேக்கும்மா. கேக்குறதுக்குத்தானே வச்சிருக்காங்க."

அவள் கல்லூரியில் இரண்டாம் வருடம். வீட்டில் எல்லோருக்கும் பாடம் எடுப்பதால் அவள் அப்பா வைத்த பெயர் டீச்சர். இந்தப் பயிற்சிக் கேள்வியை எத்தனை தடவை வேண்டுமானாலும் அழித்துவிட்டுப் பேசலாம் என்று அவள்தான் படித்துச் சொன்னாள். உண்மையான கேள்விகள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் யோசிக்க முப்பது விநாடி, பேச இரண்டு நிமிடம், மூன்று வாய்ப்பு. மூன்றாவது தடவை பேசியதை அழிக்க முடியாது. மாலை ஆறு மணிக்கு இணைப்பு மூடிவிடும். இப்போது நாலேகால்.

வேலை ஒரு பெரிய மருத்துவமனையின் வரவேற்பு மேசையில். நாள் முழுக்க மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பேசும் வேலை. அதற்கு ஆள் எடுக்க, முகமே இல்லாத ஒரு நேர்காணல். வியாழக்கிழமையே வந்துவிட்ட இணைப்பைத் தள்ளித் தள்ளி ஞாயிற்றுக்கிழமைக்குக் கொண்டுவந்திருந்தேன்.

பதினெட்டு வருடம் நான் பஸ் டிக்கெட் முன்பதிவு செய்யும் நிறுவனத்தில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள். கண்ணாடியில் வட்டமாக ஓர் ஓட்டை, அதற்கு அந்தப் பக்கம் ஒரு முகம். தேதியைச் சொல்லும்போது கண் கொஞ்சம் சுருங்கினால் அந்த ஆளுக்குத் தேதி சரியாகத் தெரியாது. 'ஜன்னல் ஓரமா' என்று கேட்டதும் உதடு அசைந்து நின்றுவிட்டால், கூட வருபவரோடு சண்டை. நானாக இரண்டு தடவை கேட்பேன், சரியாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். பிறகு எல்லோரும் கைபேசியிலேயே டிக்கெட் எடுக்க ஆரம்பித்தார்கள். எட்டு மாதத்துக்கு முன் கவுண்டரை மூடினார்கள். இப்போது அங்கே கைபேசி உறை விற்கிறார்கள். கண்ணாடியை மாற்றவில்லை. அதே ஓட்டை வழியாகத்தான் உறையை நீட்டுகிறார்கள்.

ஹாலில் ஏதோ இரும்பு தரையில் விழுந்து உருண்டது.

"என்னங்க, என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. நாற்காலி ஆடுது."

நாற்காலி ஆடவே இல்லை. என் கணவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் பெட்ரோல் என்ஜினுக்குள் போகும் உதிரிபாகங்களைக் கடைகிறார்கள். ஊரெல்லாம் பேட்டரி வண்டி வாங்கத் தொடங்கியதும் ஆர்டர் குறைந்தது. ஆறு நாள் வேலை நான்கு நாளாகி, இந்த மாதம் மூன்று நாளாகிவிட்டது. மீதி நாட்களில் அவர் வீட்டில் இருக்கிறார், ஆனால் உட்கார்ந்திருப்பதில்லை. முதலில் பழுதானவற்றைச் சரிசெய்தார். பழுதான பொருள் தீர்ந்துபோனதும் நல்ல பொருள்களில் கைவைத்தார். இந்த மாதத்தில் மட்டும் மின்விசிறி இரண்டு தடவை கீழே இறங்கியது.

திருப்புளியோடு அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன, பேசியாச்சா?"

"பேர் வரைக்கும் சொல்லிட்டாங்க," என்றாள் மகள்.

அவர் என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "எதிர்ல ஆள் இல்லைன்னா உனக்குப் பேச்சு வராது. போன்லகூட, 'கேக்குதா, கேக்குதா'ன்னு நாலு தடவை கேப்ப. நான் உக்காரட்டுமா?"

எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் அவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்ததும் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது: தயவுசெய்து கேமராவைப் பார்க்கவும்.

டீச்சர் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். தன் பாடப் புத்தகங்களை அடுக்கி மடிக்கணினியை உயர்த்தினாள். அப்பாவை அதற்குப் பின்னால் முட்டி போட வைத்தாள். தோளைப் பிடித்து அழுத்தி, தலையை நகர்த்தி, அவர் தாடைக்குச் சரியாக ஒரு விரல் கீழே கேமரா வரும்படி நிறுத்தினாள். திரைக்கு மேலே என் கணவரின் தலை மட்டும், தட்டில் வைத்ததுபோல இருந்தது.

"சத்தம் வரக்கூடாதுப்பா. மூச்சைக்கூட மெதுவா விடுங்க."

"நிறுத்தியே வச்சுடவா டீச்சர்?"

பயிற்சிக் கேள்வியை மறுபடி அழுத்தினோம். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தலை ஆடியது.

"என்னங்க, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"பழக்கதோஷம். இருபத்திரெண்டு வருஷமா அப்படித்தானே."

"பூம்பூம் மாடு மாதிரி ஆட்டாதீங்கப்பா. கேட்டுட்டு ஆட்டுங்க."

அந்த ஓட்டத்தில் பெயர், படிப்பு, கவுண்டர் எல்லாம் தடையில்லாமல் வந்தன. சூடு ஆறுவதற்குள் உண்மையான தேர்வைத் திறந்தோம். முதல் கேள்வி ஒரே தடவையில் முடிந்தது. அதில் என் பழைய மேனேஜரைப் பற்றி ஒரு வரி வந்தபோது மட்டும் என் கணவரின் முகம் வேப்பெண்ணெய் குடித்ததுபோல ஆனது. எனக்கு வர வேண்டிய மேற்பார்வையாளர் பதவியை அந்த மனிதர்தான் வேறு யாருக்கோ தூக்கிக் கொடுத்தார் என்பது இவருடைய ஒன்பது வருடக் கோபம். உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்து, கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கவுண்டர் மூடியபின் அந்த மேனேஜரும் வேலையிழந்து, எங்கள் தெருமுனையில் மைத்துனரின் மருந்துக்கடையில் கல்லாவில் உட்காருகிறார். அன்றிலிருந்து என் கணவர் தலைவலி மாத்திரைக்கு இரண்டு தெரு தள்ளிப் போகிறார்.

இரண்டாவது கேள்வி, கோபமான வாடிக்கையாளரைச் சமாளித்தது பற்றி. கணவர் இறந்துவிட்டார் என்று சொல்லி அவர் டிக்கெட்டை ரத்து செய்த ஓர் அம்மாவை, அரை மணி நேரம் கழித்து அந்தக் கணவரே தேடி வந்த கதையைச் சொன்னேன். திரைக்கு மேலே தலை குலுங்கியது, சத்தமில்லாமல் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு. மூன்றாவதும் முடிந்தது. ஐந்து மணி. முட்டிக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக்கொண்டார்.

நான்காவது கேள்வி: பணியில் நீங்கள் எடுத்த மிகக் கடினமான முடிவு எது?

இதற்கு டீச்சர் முன்பே பதில் எழுதிக் கொடுத்திருந்தாள். பழைய மென்பொருளை மாற்றிய நாளில் கவுண்டரை மூடாமல் கையால் எழுதி டிக்கெட் கொடுத்த கதை. ஒப்பித்தேன். பாதியில் அவர் கண்ணைப் பார்த்தேன். ஒளி போயிருந்தது. செய்தியில் நாளைய வானிலை சொல்லும்போது அவர் பார்க்கும் பார்வை. நிறுத்தி அழித்தேன். இரண்டாவது தடவையும் அதே பதில், அதே கண். மறுபடி அழித்தேன்.

"நல்லாத்தானே போச்சு?" என்றார்.

"நீங்க கேக்கல."

"கேட்டேனே. சாஃப்ட்வேர் மாத்தினாங்க."

"அப்புறம் நான் என்ன பண்ணேன்?"

அவர் மகளைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள்.

"இது கடைசித் தடவைம்மா," என்றாள். "அழிக்க முடியாது. எழுதினதையே சொல்லிடு."

முப்பது விநாடி ஓட ஆரம்பித்தது. எழுதியதன் முதல் வரியைத் தேடினேன். வரவில்லை. கடினமான முடிவு என்று என் பதினெட்டு வருடத்தில் எடுத்தது ஒன்றே ஒன்றுதான். அது மட்டும்தான் நினைவுக்கு வந்தது. கடிகாரம் இரண்டு நிமிடத்துக்கு மாறியது. அவர் புருவத்தை உயர்த்தி, ம், என்பதுபோலத் தயாரானார்.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி என்னை மேற்பார்வையாளரா போடுறதா எங்க மேனேஜர் சொன்னார்," என்றேன். "வேற ஊர். விடிகாலையில கிளம்பி ராத்திரிதான் திரும்ப முடியும். என் கணவர் ஒரு வருஷம் வேலை இல்லாம இருந்து, அந்த மாசம்தான் ஒரு தொழிற்சாலையில சேர்ந்திருந்தார். சாயந்திர ஷிஃப்ட். பொண்ணுக்குப் பத்து வயசு. எனக்கு வேண்டாம்னு நானே எழுதிக் கொடுத்துட்டேன்."

அவர் தலை ஆடிக்கொண்டிருந்தது. பாதியில் நின்றது.

வரிசையில் ஆள் நிற்கும்போது பேச்சைப் பாதியில் விடக்கூடாது என்பது கவுண்டர் பழக்கம். வாய் தானாகப் போனது. "வீட்டுல, எனக்குத் தரலைன்னு சொன்னேன். நானா விட்டுட்டேன்னு தெரிஞ்சா அவர் தன்னாலதான்னு நினைச்சுப்பார். தரலைன்னு சொன்னா கோபம் மேனேஜர் மேல போயிடும். அப்படித் திருப்பி விடுறது எனக்குக் கை வந்த வேலை. அந்த முடிவு சரிதான்னு இன்னைக்கும் தோணுது. மறைச்சது சரியில்ல. அதுல சம்பந்தமே இல்லாத ஒரு மனுஷன் வருஷக்கணக்கா திட்டு வாங்கினார். வேலையிலயும் சரி, இனிமே எதுவா இருந்தாலும் நேரா சொல்லிடுவேன்."

கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தது. பதில் சேமிக்கப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது.

அவர் எழுந்தார். முட்டி சொடுக்கியது. தலையணையை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு ஹாலுக்குப் போனார்.

"நிஜமாவாம்மா?" மகள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ம்."

"போன வாரம்கூடத் திட்டினாரே."

மணி ஐந்து இருபது. திரையில் 'கடைசிக் கேள்விக்குச் செல்லவும்' என்று பொத்தான் துடித்துக்கொண்டிருந்தது. "நான் முட்டி போடட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்டி. நீ என் முகத்தைப் பார்க்க மாட்ட, தப்பைத்தான் பார்ப்ப."

ஹாலில் நாற்காலி நான்கு கால்களையும் இழந்து மல்லாந்து கிடந்தது. அவர் தரையில் உட்கார்ந்து திருகாணிகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே அளவு.

"இன்னும் ஒரு கேள்வி இருக்கு," என்றேன்.

"போய்ப் பேசு."

"ஆள் இல்லாம வராது."

"ஆள் இருந்தப்ப மட்டும் என்ன சொன்ன?"

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"கோபமா?"

"யார் மேல படுறதுன்னு யோசிக்கிறேன். அந்த ஆள் மேல பட வேண்டியதெல்லாம் பட்டு முடிச்சாச்சு." ஒரு திருகாணியை உருட்டினார். "போன மாசம் எதிர்ல வந்து வணக்கம் வச்சார். நான் பாக்காத மாதிரி போனேன். நீ பக்கத்துல நடந்து வந்துட்டுதானே இருந்த?"

"வந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும்."

"அன்னைக்கு என்கிட்ட கேட்டிருந்தா, போகாதன்னா சொல்லியிருப்பேன்?"

"மாட்டீங்க. போன்னு சொல்லிட்டு, கிடைச்ச வேலையை விட்டுட்டு வீட்டுல உக்காந்திருப்பீங்க. அதுக்குப் பயந்துதான் கேக்கல."

அவர் மல்லாந்து கிடந்த நாற்காலியைப் பார்த்தார். "இப்ப மட்டும் என்ன," என்றார்.

உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது: "இருபத்தி ரெண்டு நிமிஷம்."

அவர் திருகாணிகளை எல்லாம் ஒரே கிண்ணத்தில் கொட்டினார். எழுந்து, அறைக்குப் போய், தலையணை போடாமலே முட்டி போட்டார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கடைசிக் கேள்வி: ஐந்து ஆண்டுகள் கழித்து என்ன பொறுப்பில் இருக்க விரும்புகிறீர்கள்?

நிறுவனத்தின் வளர்ச்சிக்குத் துணை நிற்க விரும்புகிறேன் என்று டீச்சர் எழுதித் தந்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தேன். தலை ஆடவில்லை. சிரிப்பில்லை. சமாதானமும் இல்லை. ஆனால் கண் நேராக என் மேல் இருந்தது. டிக்கெட்டில் அச்சாகப்போகும் தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லிவிட்டு, நான் திருப்பிச் சொல்வதற்காகக் காத்திருக்கும் ஆள் இப்படித்தான் பார்ப்பார்.

"உங்க வரவேற்புப் பிரிவு மொத்தத்துக்கும் நான் பொறுப்பாளரா இருக்கணும்," என்றேன். "எனக்கு அது முடியும். ஒரு தடவை அந்த நாற்காலி வாசல் வரைக்கும் வந்துச்சு. மறுபடி வந்தா விடமாட்டேன். வேற ஊர்க் கிளைன்னாலும் போவேன். வீட்டுல சொல்லிட்டுப் போவேன்."

அவர் தலை ஒரே ஒரு முறை அசைந்தது. நான் பொத்தானை அழுத்தினேன்.

"அம்மா, ஒன்றேகால் நிமிஷம் மிச்சம் இருக்கு. இன்னும் ரெண்டு வாய்ப்பு வேற."

"போதும்."

ஐந்து ஐம்பத்தொன்றுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது. பத்து வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படும் என்று வந்தது. பத்து நாள் இந்த வீட்டில் எதெல்லாம் கழற்றப்படுமோ என்று நினைத்துக்கொண்டேன். நானே ஏதாவது கழற்றுவேன் போலிருந்தது.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"மருந்துக்கடைக்கு."

"எந்த மருந்துக்கடைக்கு?"

"முனையில இருக்குல்ல, அதுக்கு." பித்தானைத் தப்பாகப் போட்டுக் கழற்றி, மறுபடி போட்டார். "நீயும் வா. நடந்ததுல உன் பாதியை நீதான் சொல்லணும்."

"அப்பா, நாற்காலி?" என்றாள் மகள்.

"நீ மாட்டு டீச்சர். திருகாணி கிண்ணத்துல இருக்கு."

படியில் வேகமாக இறங்கியவர் முதல் திருப்பத்தில் நின்றார். தொண்டையைச் செருமினார். "சார், நடுவுல ஒரு சின்னத் தவறு நடந்துபோச்சு," என்று சுவரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "எப்படி இருக்கு?"

நான் தலையாட்டவில்லை.

"சின்னத் தவறு இல்ல," என்றேன். "முதல்ல இருந்து சொல்லுங்க."