இருட்டிலாவது சொல்லுங்கள்

அம்மா மான்சா பிணவறைக் குளிரில் கிடக்க, அராபா வழக்கம்போல் வழிகாட்டிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு காலத்தில் அடிமைகளை அடைத்துக் கப்பலேற்றிய கடலோரக் கோட்டைக்கு வேலைக்கு வந்துவிட்டாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. மனசு மரத்துப்போயிருந்தது.

காலையில் குடும்ப வீட்டில் கூட்டம் நடந்தது. குடும்பத் தலைவர் குவாமினா மாமா தரையில் சாராயம் ஊற்றி முன்னோரைக் கூப்பிட்டுவிட்டு, தொண்டையைக் கனைத்தார்.

"மான்சாவ ஊர்ப் பொது இடுகாட்டுலயே வச்சிரலாம். நம்ம நிலத்துல இடம் நெருக்கடியா இருக்கு. யோசிச்சு சாயங்காலம் பதில் சொல்லும்மா."

என்ன நெருக்கடி? அந்த நிலத்தில் இன்னும் ஒரு தெருவே காலை நீட்டிப் படுக்கலாம். மான்சாவின் பாட்டி, இந்தக் குடும்பம் வடக்கேயிருந்து அடிமையாக விலைக்கு வாங்கிவந்த பெண் என்பது அந்த வீட்டுச் சுவருக்கும் தெரியும். ஆனால் ஒருவருடைய பூர்வீகத்தை வாய்விட்டுச் சொல்வது அந்த ஊரில் குற்றம். சொன்னவர் ஆட்டுக்கடா வெட்டி, ஊர்த் தலைவர் சபையில் தலைகுனிந்து நிற்க வேண்டும். வாங்கி வந்தவளையும் மகளாக்கிக்கொண்ட குடும்பங்கள் போட்ட சட்டம் அது. அதனால் யாரும் சொன்னதில்லை. விசேஷ வீடுகளில் உரல் இடிக்க மட்டும் மறக்காமல் மான்சாவைக் கூப்பிட்டார்கள்.

மதியம் அமெரிக்காவிலிருந்து வந்த கூட்டத்தை அராபா நிலவறைக்குள் இறக்கினாள். கதவைச் சாத்தி, விளக்கை அணைத்தாள். இருட்டில் யாரோ தேம்பினார்கள். அவளுக்கோ சாப்பாட்டுக்குப் பொரித்த மீன் மிச்சமிருக்குமா என்ற யோசனை.

வெளியே வந்ததும் ஒரு பெண்மணி கேட்டாள்: "உங்க வீட்டாளுங்க வித்தவங்களா, விலைபோனவங்களா?"

"எங்க ஊர்ல அதக் கேக்கக் கூடாதுங்க." எப்போதும் சிரித்துக்கொண்டே சொல்லும் பதில்தான். இன்று சிரிப்பு வரவில்லை. சொன்ன வார்த்தை அவள் காதிலேயே நின்றுவிட்டது.

சாயங்காலம் மாமா கோட்டை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரமாட்டாராம்.

"எங்கப்பன்கூட இதுக்குள்ள கால் வச்சதில்லடி."

"மீன் வாங்க மட்டும் தினம் இந்த நிழல்ல நிக்கிறீங்களே! பதில் வேணும்னா உள்ள வாங்க."

முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நிலவறையில் இறங்கியதும் அராபா விளக்கை அணைத்தாள்.

"ஏய், விளக்கப் போடு! வயசானவன்டி நான்."

"போடறேன் மாமா. எங்கம்மாவுக்கு ஏன் இடமில்ல? இருட்டிலாவது சொல்லுங்க. இங்க சபையில்ல, யாரும் கடா கேக்க மாட்டாங்க."

"முன்னோருக்குக் கேக்குமே."

"யாரோட முன்னோருக்கு?"

வெளியே கடல் இரைந்தது. அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

"சொல்லிட்டா நீங்க குத்தவாளி. சொல்லலன்னா அவ உங்க அக்கா. அக்காவ எங்க வைப்பீங்க?"

அவர் கை சுவரைத் தடவும் சத்தம். "எங்கம்மா பக்கத்துல ஒரு இடம் இருக்கு. எனக்குன்னு வச்சிருந்தேன். அக்காவ அங்க வச்சிரு."

ஜெயித்துவிட்டாள். சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை. அம்மாவுக்கு மண் கிடைத்தது. இனி ஒருவரும், ஒருநாளும், அந்த வடக்கத்திப் பெண்ணைப் பற்றி வாய் திறக்கப்போவதில்லை.

"மாமா, அந்தப் பாட்டிக்கு அவங்க ஊர்ல என்ன பேரு?"

"அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா." பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "எங்களுக்கும் தெரியாது" என்றார்.

அராபா விளக்கைப் போட்டாள். அவர் முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னாள்.

"படி வழுக்கும். பாத்து ஏறுங்க."