முந்நூற்று நான்காம் வீட்டின் பூஜ்யம்

2007ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, அல்சூர் ஏரிக்கு அருகிலிருந்த அந்த அடுக்ககம் பூமியைக் காப்பாற்றத் தொடங்கியது. காலை பத்து மணிக்கே தொடங்குவதாக இருந்தது. தேநீர் வரத் தாமதமானதால் பதினொன்றாயிற்று. வந்த கூட்டத்துக்குக் கண்ணாடிக் குவளைகள் போதாமல், கடைசி நேரத்தில் தெர்மகோல் கோப்பைகள் வாங்கிவரப்பட்டன. அந்தக் கோப்பைகளைக் கையில் ஏந்தியபடியே இருபத்து நான்கு வீட்டுக்காரர்களும் தங்கள் வீட்டிலிருந்து வெளியேறும் குப்பையை இனிக் குறைப்பதாக உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெயலட்சுமி, வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அளக்க முடியாத எதையும் நம்பாதவர். ஆகவே வாயிலருகே ஒரு தராசு தொங்கவிடப்பட்டது. பக்கத்தில் ஒரு கரும்பலகை. ஒவ்வொரு வீட்டுக் குப்பையையும் காவலாளி மஞ்சுநாத் காலையில் எடை போட்டு, வீட்டு எண்ணுக்கு நேரே சாக்கட்டியால் எழுத வேண்டும். ஜூலை கடைசி ஞாயிறன்று, குறைந்த எடை கொண்ட வீட்டுக்குப் பரிசு. விதிகளை வகுத்துத் தந்தவள் முந்நூற்று நான்காம் வீட்டுத் தாரணி. எடை போடாமல் எந்தக் குப்பையும் வாயிலைக் கடக்கக் கூடாது என்பது முதல் விதி. அதை மூன்று மொழிகளில் அச்சடித்து, மழையில் நனையாதிருக்கப் பிளாஸ்டிக் உறையிட்டு, அவளே ஒட்டினாள்.

தாரணி நாமக்கல்காரி. எலக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் வேலை. சிக்கனத்தில் அவளுக்கிருந்த ஆர்வம் பொய்யானதன்று. அது தன்னைக் காணும் கண்களை எப்போதும் தேடிக்கொண்டிருந்தது, அவ்வளவே. பல் துலக்கும்போது குழாயை மூடினாள்; மூடியதை மறக்காமல் சங்கத்தின் மின்னஞ்சல் குழுவில் எழுதினாள். கணவன் ஹரிஷ்குமார் வாளியில் குளிக்கத் தொடங்கிய செய்தியும் அவ்வாறே இருபத்து மூன்று வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பிளாஸ்டிக் பைகளை ஒழிக்கவென்று அவள் வாங்கிய துணிப்பைகள் பத்தொன்பது. குடிநீர் சுத்திகரிக்கும் கருவி ஒரு குடம் நல்ல நீருக்கு மூன்று குடம் நீரைக் கழித்துச் சாக்கடைக்கு அனுப்புவது மட்டும் அவளுக்குத் தெரியாது. வேலைக்கு வரும் சரசுவுக்குத் தெரியும். கருவியின் மெல்லிய குழாயை அவள் ஒரு வாளிக்குள் திருப்பிவிட்டு, அந்த நீரிலேயே தரை துடைத்து வந்தாள். அடுக்களையில் வாளி நிற்பது பார்க்க அசிங்கமாக இருப்பதாகத் தாரணி இருமுறை கடிந்துகொண்டாள். போட்டி தொடங்கிய இரண்டாம் வாரம், அந்த வாளி அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பாகப் படத்துடன் மின்னஞ்சலில் போனது.

சரசுவின் வீடு மர்பி டவுனில், அடுக்ககத்திலிருந்து இருபது நிமிட நடை. அங்கே குழாயில் மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும். சிக்கனம் அவளுக்குக் கொள்கையாக ஒருநாளும் தோன்றியதில்லை. அப்படியொரு பெயர் அதற்கு உண்டென்பதே இந்த மாடிகளில் ஏறிய பிறகு கேள்விப்பட்டதுதான்.

போட்டியின் முதல் மூன்று நாள்களும் 304க்கு நேரே இரண்டு கிலோவுக்குக் குறையாமல் எழுதப்பட்டது. விதிகளை வகுத்தவளின் வீடு பட்டியலில் பதினேழாவது இடத்தில் நின்றது. நான்காம் நாள் காலை, தாரணி தன் பத்தொன்பது பைகளில் ஒன்றை நிரப்பிச் சரசுவிடம் நீட்டினாள். பூமித்தாயைக் காப்போம் என்று அதில் பச்சை எழுத்தில் அச்சிட்டிருந்தது.

"சரசக்கா, நீங்க போற வழிதானுங்களே. இத அப்படியே உங்க ஏரியால போட்டுருங்க. அங்கெல்லாம் போடறதுக்கு எடம் இருக்கும்ல."

குரலில் அதட்டல் சிறிதும் இல்லை. அக்கா என்ற சொல்லில் குறையே காண முடியாது. எனினும் மறுத்தால் என்னாகும் என்பதைச் சரசு அறிவாள். அந்த அடுக்ககத்தில் அவளுக்கு மூன்று வீடுகள். மற்ற இரண்டும் தாரணியின் சிபாரிசில் கிடைத்தவை. ஒரு மின்னஞ்சலில் மூன்றும் போய்விடும்.

வாயிலைக் கடப்பதற்கும் தாரணி வழி கண்டிருந்தாள். வேலைக்காரர்களின் பைகளைத் திருட்டுக்காகச் சோதிப்பது அங்கே வழக்கம். வீட்டுக்காரர்கள் பழைய புடவையோ பாத்திரமோ கொடுத்தால், கொடுத்ததாகச் சீட்டெழுதித் தர வேண்டும். தாரணி தினமும் ஒரு சீட்டு எழுதினாள்: 'உபயோகித்த பொருள்கள். என் முழு விருப்பத்துடன் சரசுவுக்குக் கொடுத்தது. 304.' மஞ்சுநாத் பையைத் திறந்தான், மூக்கைச் சுளித்தான், சீட்டைப் பார்த்தான். திருட்டு இல்லை. எடை போட வேண்டியது குப்பையை. இதுவோ சீட்டின்படி அன்பளிப்பு. சீட்டைச் சுவரோரக் கம்பியில் குத்திவிட்டு வழிவிட்டான். கரும்பலகையில் 304க்கு நேரே பூஜ்யம் விழுந்தது. அடுத்த நாளும் அதுவே. ஒரு வாரத்துக்குள் பூஜ்யங்கள் வரிசைகட்டி நின்றன. ஜெயலட்சுமி அவற்றைப் பெருமையுடன் பார்த்துக்கொண்டு நடைப்பயிற்சி போனார்.

அந்தப் பையைப் போட மர்பி டவுனில் இடம் இருந்ததா என்றால், ஒரு வருடத்துக்கு முன் இருந்தது. சரசுவின் தெருமுனையில் ஆள் உயரக் குப்பைமேடு கிடந்தது. சென்ற ஆண்டு சிக்குன்குன்யா வந்து, முழங்கால் மடக்க முடியாமல் பாதித் தெரு படுத்தது. எழுந்து நடக்க முடிந்ததும் பெண்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். மேட்டை அள்ளி மாநகராட்சி லாரியில் ஏற்றி, இடத்தைக் கழுவி, சாணம் தெளித்து, நடுவில் பெரிய கோலமாகப் போட்டார்கள். கோலத்தின் மேல் கொட்ட யாருக்கும் கை வராது என்பது அவர்கள் கணக்கு. அன்றிலிருந்து நாளுக்கு ஒரு வீடு முறைவைத்துக் கோலம் போடுகிறது. மீறிக் கொட்டினால் யாருடையதென்று கண்டுபிடித்து, அதை அவர்கள் வாசலிலேயே திருப்பிக் கொட்டுவார்கள். பேக்கரிக்காரர் டென்சில் ஒருமுறை முட்டையோட்டைக் கொட்டினார். மறுநாள் கடை திறக்க வந்தபோது அது கதவடியில் காத்திருந்தது. அதற்குப்பின் அவர் அந்தப் பக்கமாகத் தும்முவதுகூட இல்லை.

டென்சிலின் கதவடிக்கு அந்த முட்டையோட்டைச் சுமந்து போனவள் சரசுதான். ஆகவே தாரணியின் பையைத் தெருமுனையில் கொட்ட அவளால் முடியவில்லை. வீட்டில் வைத்துப் பிரித்தாள். காய்கறித் தோல் பக்கத்து வீட்டு லட்சுமம்மாவின் இரண்டு ஆடுகளுக்குப் போனது. பால் கவரைக் கழுவிக் காயவைத்து, பாட்டில், அட்டையோடு பழைய சாமான் கடையில் போட்டாள். மின்னஞ்சல் எதுவும் எழுதாமல், பாதிக் குப்பையை அவள் இல்லாமலாக்கினாள். மீதிப் பாதிக்குத்தான் வழியில்லை: குழம்பு ஊறிய ஓட்டல் பொட்டலங்கள், நொறுங்கிய தெர்மகோல், செய்தித்தாளில் சுற்றிய சொல்லக் கூசும் பொதிகள். மாநகராட்சித் தள்ளுவண்டிக்காரர் வீட்டுக்கு ஒரு வாளிக்கு மேல் வாங்க மாட்டார். அந்த வாளி அவள் வீட்டுக் குப்பைக்கே சரியாக இருந்தது. சரசு மீதியைச் சாக்கில் கட்டி, வீட்டின் ஓட்டுக்கூரை மேல் ஏற்றிவைத்தாள். இரண்டு நாளில் ஏதாவது வழி பிறக்குமென்று நினைத்தாள். ஜூலை பாதியில் கூரை மேல் ஐந்து சாக்குகள் இருந்தன. மழையும் பிடித்துக்கொண்டது.

கடைசி வாரத்து வியாழக்கிழமை, சுவரோரம் ஒழுகிய கறுப்பு நீரைப் பார்த்துக்கொண்டு நின்ற லட்சுமம்மா, வேலைவிட்டு வந்த சரசுவை வாசலிலேயே மறித்தாள். கோலத்தின் முறைப்பட்டியல் அவளிடம்தான் இருந்தது.

"ஏ சரசு, மேல இன்னா வளக்கற? செத்த எலி நாத்தம் அடிக்குது."

வேலை செய்யும் வீட்டுடையது என்று சரசு சொன்னாள். ஆடு தின்ற தோலும் அங்கிருந்துதான் வந்ததென்று மெதுவாக நினைவூட்டிப் பார்த்தாள்.

"ஆடு தின்னத நான் இல்லன்னனா? அவங்க வூட்டுக் குப்பைய இன்னா, வாடகைக்குக் குடி வெச்சிருக்கியா நீ?" லட்சுமம்மா குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் சரசுவுக்கு எளிதாக இருந்திருக்கும். "இத பாரு, போன வருஷம் நீயும் நானும் ஒரே பாயில படுத்து நடுங்கினோம். திங்கக்கெழம உன் முறை. அதுக்குள்ள இது போகணும். போகலன்னா கோலப்பொடி உன் கைக்கு வராது. டென்சில கேட்டுட்டு உன்ன கேக்காம வுட்டா, அந்தாளு என்ன பாத்து சிரிப்பான். சும்மா சொல்லல நான்."

முறை போவதென்றால் வெறும் கோலம் போவதன்று. அந்தத் தெருவில் தண்ணீர் வரிசையில் குடத்துக்கு இடம்பிடித்து வைப்பதும், ஆள் இல்லாத வீட்டைப் பார்த்துக்கொள்வதும் எல்லாம் அந்தப் பட்டியலைச் சார்ந்தே நடந்தன. ஒரு பக்கம் மூன்று வீட்டு வேலை. இன்னொரு பக்கம் தெரு. சரசு அன்றும் மறுநாளும் யோசித்தாள். சனிக்கிழமை காலை ஆறாவது சாக்கைக் கட்டும்போது, பூமித்தாயைக் காப்போம் என்ற பை கையில் தட்டுப்பட்டது. அதற்குமேல் யோசிக்க ஏதுமிருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை அடுக்ககத்தின் முற்றத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். மேசையில் நீர்ப்புட்டிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மிடறு குடித்துவிட்டு மறந்திருந்தார்கள். தாரணி கைத்தறிப் புடவையில், குப்பையில்லா வீடு என்ற தலைப்பில் பேசக் குறிப்புகளுடன் அமர்ந்திருந்தாள். உண்ணும் அளவுக்கே வாங்குவது, வாங்கியதை வீணாக்காதிருப்பது என்பதாகக் குறிப்புகள் இருந்தன. அப்போது ஒரு சரக்கு ஆட்டோ வாயிலில் வந்து நின்றது. சரசு இறங்கி, ஆறு சாக்குகளையும் இறக்கிவைத்தாள்.

எந்த வீட்டுடையதென்று மஞ்சுநாத் கேட்டான். முந்நூற்று நான்கு என்றாள். அவன் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்த விதியைத் திரும்பிப் பார்த்தான். குப்பை வெளியே போனாலும் உள்ளே வந்தாலும் கடப்பது வாயிலைத்தான் என்று முடிவு செய்து, ஒவ்வொரு சாக்காகத் தராசில் மாட்டினான். ஐம்பத்தோரு பூஜ்யங்களின் முடிவில் 38 என்று எழுதினான். காற்று ஷாமியானாவின் பக்கம் வீசியது.

தாரணி எழுந்து ஓடிவந்தாள். கரும்பலகையை அழிக்கச் சொன்னாள். மஞ்சுநாத் சாக்கட்டித் துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ரூல்ஸ் நீங்களே எழுதினது மேடம். நான் தூக்கம் பாத்தேன், பரெதேன், அஷ்டே" என்றான், எடை பார்த்தேன், எழுதினேன், அவ்வளவுதான் என்று பொருள்.

"அக்கா, இத எதுக்கு இங்க கொண்டாந்தீங்க? இன்னைக்குப் போயி?"

"எங்க தெருவுல எடம் இல்ல மேடம்."

ஜெயலட்சுமி நிலைமையைக் கையில் எடுத்தார். சாக்குகளை அவர் பார்க்கவில்லை. நேரே கம்பியில் குத்தியிருந்த சீட்டுகளிடம் போனார். ஒன்றை உருவிப் படித்தார். முகம் தெளிந்தது. முழு விருப்பத்துடன் கொடுத்தது என்று கையெழுத்தோடு இருக்கிறது. கொடுத்த கணத்திலேயே பொருள் சரசுவுடையதாகிவிட்டது. ஆகவே இன்று வந்த முப்பத்தெட்டு கிலோவும் வெளியாளின் உடைமை. அது 304இன் கணக்கில் சேராது. இதை அவர் கூட்டத்தினருக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். கூட்டத்தினர் கைக்குட்டைகளுக்குள்ளிருந்து ஆமோதித்தனர். படித்தவர்கள் கூடிய இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஆறு சாக்கு உண்மையைவிடக் கனமாக இருப்பதில் வியப்பில்லை. பிறகு தமிழுக்கு மாறி, "உன் பொருள எடுத்துட்டுப் போம்மா" என்றார்.

"என்னுதுதானா?" என்று சரசு கேட்டாள்.

"சீட்டுல அப்படித்தான் இருக்கு."

"அப்ப நான் யாருக்கு வோணும்னாலும் குடுக்கலாம் இல்ல? முழு விருப்பத்தோட இவங்களுக்கே குடுத்துட்டேன். சீட்டு எழுதிக்கோ மஞ்சு, நான் கைநாட்டு வெச்சித் தரேன்."

சரசுவுக்கு நன்றாகவே கையெழுத்துப் போடத் தெரியும். மஞ்சுநாத்துக்கும் அது தெரியும். அவன் தராசின் முள்ளை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான். சரசு ஏறிக்கொண்டாள்; ஆட்டோ திரும்பிப் போய்விட்டது. சாக்குகளை ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இழுத்துப்போட்டு, விழாவின் பிளாஸ்டிக் பதாகையாலேயே மூடினார்கள். 38 அழிக்கப்பட்டது. திட்டமிட்டபடி பரிசு வழங்கப்பட்டது. தாரணி பேசவும் செய்தாள்; சற்றுச் சுருக்கமாக. சரசுவை இனி வாயிலுக்குள் விட வேண்டாமென்று அன்று மாலையே மூன்று மொழிகளில் எழுதி ஒட்டினார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் தெருமுனையைக் கழுவிவிட்டுச் சரசு புள்ளி வைத்தாள். லட்சுமம்மா கோலப்பொடி டப்பாவை நீட்டியபடி பக்கத்தில் குந்தியிருந்தாள். மூன்று வீடும் போய்விட்டதா என்று கேட்டாள். போய்விட்டது, காக்ஸ் டவுன் பக்கம் விசாரிக்கப் போகிறேன் என்றாள் சரசு.

"அவங்களுக்கு பரிசு இன்னா குடுத்தாங்களாம்?"

"பானை. மண்பானை, மூணு அடுக்கு. மஞ்சு சொன்னான்."

"தண்ணி ஊத்தி வெக்கவா?"

"குப்பை போட்டு மக்க வெக்கவாம்."

லட்சுமம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"குப்பையே இல்லன்ன வூட்டுக்கா?" என்றாள். டப்பா கையில் குலுங்கிக் கோலப்பொடி சிந்தும்வரை சிரித்தாள். சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்றாவது வரிசையில் ஒரு புள்ளி விட்டுப்போயிருப்பதைக் காட்டினாள்.