அப்பாவின் விசிட்டிங் கார்டு

எதிர்வீட்டு ஆஸ்பத்திரி நிர்வாகி, தான் படித்த பல்கலைக்கழகத்துக்கு ஆய்வகம் கட்டிக் கொடுத்தார். படித்த இடத்துக்கு நன்றி என்று ஊருக்குச் சொன்னார். அங்கே பாடம் நடத்தும் மகன் அவரோடு முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகிறது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

"இந்தச் சாக்குலயாவது ரெண்டு பேரும் பேசிட்டா போதும்டி" என்று அவர் மனைவி என்னையும் திறப்பு விழாவுக்குக் கூட்டிப்போனாள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன்.

ரிப்பன் வெட்டியதும் ஆசிரியர்கள் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். ஆளுக்கொரு சிரிப்பு, ஒரு "ரொம்ப சந்தோஷம்", ஒரு விசிட்டிங் கார்டு என்று மனிதர் இயந்திரமாக நின்றார். மகன் முறை வந்தது. "அப்பா" என்று கையை நீட்டினான். அதே சிரிப்பு, அதே "ரொம்ப சந்தோஷம்", ஒரு கார்டு.

மகன் அதைப் பார்த்தான். "சரிங்க சார்" என்று நகர்ந்தான். அதற்குள் அடுத்த கை வந்துவிட்டது.

திரும்பும்போது காரில் பின்சீட்டில் நான் வெளியே வேடிக்கை பார்த்தேன், காதை மட்டும் முன்னால் அனுப்பிவிட்டு.

"பழக்க தோஷத்துல குடுத்துட்டேன்" என்றார். "பரவால்ல, நம்பர் இருக்கு. கூப்பிடுவான்."

"அது உங்க செக்ரட்டரி நம்பருங்க."

"ஆமால்ல" என்றார், யாரோ மணி கேட்டதற்குப் பதில் சொல்வது போல.