வெறுங்கைக்கு மந்திரம் இல்லை

என் அண்ணனுக்கு ‘வக்கீல்’ என்று பட்டம். கோர்ட் வாசலை மிதித்ததில்லை. பஸ் டிப்போவில் டயர் மாற்றிக்கொண்டிருந்தவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கொரு வீரனாகி, பகடை உருட்டி மாயக்கதை விளையாடுவோமே, அதன் விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர் அவர்தான். கதை நடத்துவது நான். தீர்ப்புச் சொல்லிவிட்டு அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் நான்தான்.

போன வருஷம், எங்களோடு விளையாடும் எலக்ட்ரீஷியனுடைய வீரன், ஒரு மல்லன், ஆட்டத்தில் செத்ததே இவர் வாயால்தான். ஆயுதத்துக்கு மந்திரம் போட்டால் பகடையில் மூன்று கூடும். “என் முஷ்டியும் ஆயுதந்தான்” என்றார் எலக்ட்ரீஷியன்.

“ஆயுதம்னா கீழ வைக்க முடியணும்யா. எங்க, கையக் கழட்டி மேசைமேல வை பாப்போம்!” என்றார் அண்ணன். சிரித்துக்கொண்டே நானும் அப்படியே தீர்ப்புச் சொன்னேன்.

அப்புறம் அண்ணனுக்குப் பக்கவாதம். வலது கை, பேச்சு, எழுத்து எல்லாம் போயிற்று. ஆட்டத்துக்கு மட்டும் வருவார். அவருடைய கிழட்டு வாள்வீரன் எங்களுக்கு அத்தனை பழக்கம். அவன் யாரைத் திட்டுவான், என்ன சொல்வான் என்று நாங்களே பேசுவோம், அண்ணன் தலையாட்டுவார். அவன் செத்தால் புது ஆளை அண்ணன்தான் சொல்லி உருவாக்க வேண்டும். வாய்க்கு எங்கே போவது?

நேற்று அந்த வாள்வீரன் வாளைப் பறிகொடுத்துவிட்டு ஒரு பூதத்தோடு வெறுங்கையால் மோதினான். இந்த அடி பட்டால் பூதம் காலி, தவறினால் இவன் காலி. அண்ணன் இடது கையால் பகடையை உருட்டினார். வேண்டிய எண்ணுக்கு இரண்டு குறைந்தது.

“நான் மந்திரம் போட்டுட்டேன், மூணு கூட்டுங்க!” என்றார் எலக்ட்ரீஷியன். “கையும் ஆயுதந்தான் வக்கீலு. அன்னைக்கு நான்தான் சும்மா விட்டுட்டேன்.”

“ஆமா, கூட்டிக்கம்மா” என்றாள் அண்ணி. கண்ணாலேயே கெஞ்சினாள்.

நான் வாயெடுப்பதற்குள் அண்ணன் புத்தகத்தை இழுத்தார். பக்கம் அவருக்கு மனப்பாடம். ‘வெறுங்கைக்கு மந்திரம் இல்லை’ என்ற வரியில் விரலை வைத்தார்.

“புத்தகம் கெடக்குது குப்பை! நடத்துறது நான். அடி பட்டுருச்சு!” என்றேன்.

இல்லை என்று தலையாட்டினார். விரல் நகரவில்லை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “ஊருக்கெல்லாம் வாதாடுனியே, இப்ப உனக்காக வாதாடுண்ணே!”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணனின் வலது கை, அவள் எடுத்து வைத்த இடத்திலேயே, மேசைமேல் கிடந்தது. அந்தப் பழைய கேலி ஞாபகம் வந்து தொலைத்தது.

அண்ணன் என்னையே பார்த்தார். நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம்.

“அடி தவறிருச்சு. செத்துட்டாண்ணே.”

அப்போதுதான் விரலை எடுத்தார். புது வீரனுக்கான வெள்ளைத்தாளைக் கேட்டுக் கையை நீட்டினார். கொடுத்தேன். எலக்ட்ரீஷியன் பென்சிலோடு குனிந்து, “சொல்லுங்க வக்கீலு, யாரு இவன்?” என்றார்.

அண்ணன் வாயைத் திறந்தார். நாங்கள் மூன்று பேரும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.