மாமா செதுக்கிய கரை

அன்று காலை ஏரிக்கரையில் இருந்தவர்கள்: படகு வாடகைக்கு விடும் என் அக்கா. அவள் கணவர், அதாவது மாமா. இரவு வேலையை விட்டுவிட்டு அவர்கள் சோற்றில் காலம் தள்ளும் நான். தாவரத் துறை மேடம். நகத்தில் பாதி அளவுள்ள ஒரு செடி, இருந்தால்.

அந்தச் செடியை நம்பித்தான் படகுக் கொட்டகையே நின்றது. கரை முழுக்க சிமென்ட் நடைபாதை போட நகராட்சி முடிவு செய்திருந்தது. கொட்டகையை இடித்துவிடுவார்கள். போன வாரம் மேடம் சேற்றோடு ஒட்டிக் கிடந்த இந்த அரிய செடியைக் கண்டுபிடித்தார். கரையில் வேரோடு நிற்கும் ஒரு பூவைப் படம் எடுத்துவிட்டால் நடைபாதை நின்றுவிடும். அந்தப் பூ தண்ணீருக்குள் மொட்டாகவே கிடக்கும். தண்ணீர் வற்றினால்தான் விரியும். கரையோரம் வற்றிவிட்டதால் மேடம் அன்று கேமராவோடு வருவதாக இருந்தது. பூ என்றால் குண்டூசித் தலை. அதற்கு இவ்வளவு மரியாதை.

அக்காவும் நானும் கரைக்கு வந்தபோது மாமா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, கழுத்தில் மாலை விழக் காத்திருப்பவர்போல நின்றார்.

"பெரிய ஆபீசர் வராங்களேன்னு களையெல்லாம் செதுக்கிட்டேன். பாரு, முடி வெட்டின தலை மாதிரி இருக்கு."

"ஐயோ, அதுதாங்க செடி!" என்று அலறினாள் அக்கா.

"அதுவா? பாசி மாதிரில்ல கிடந்துச்சு? செடின்னா ஒரு உயரம் வேணாமா?"

செதுக்கியதைப் படகில் ஏற்றி நடு ஏரியில் கொட்டியிருந்தார். வாழ்க்கையில் அவர் முழுதாக முடித்த முதல் வேலை அது.

மேடம் வந்தார். அக்கா உண்மையைச் சொன்னாள். மேடம் மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சேற்றில் குப்புறப் படுத்து, பூதக்கண்ணாடியோடு ஊர்ந்தார். நாங்களும் ஊர்ந்தோம். முக்கால் மணி நேரம். என் சட்டைக்குள் ஒரு நத்தை குடியேறிவிட்டது.

"இந்தக் கால் தடம் யாரோடது?"

"என்னோடதுதான் மேடம்," என்றார் மாமா, கைதாகப் போகிறவர்போல.

"உள்ள ஒண்ணு இருக்கு. பூத்திருக்கு."

தான் நின்ற இடத்தை மட்டும் அவரால் செதுக்க முடியவில்லை. குதிகாலுக்கும் விரலுக்கும் நடுவே, பாதம் படாத மேட்டில் அது நின்றது. அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. மேடம் கேமராவை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் மேடம்." மாமா மண்வெட்டியோடு முன்னே வந்தார். "படம் எடுக்கிறீங்கல்ல, சுத்தி மட்டும் லேசா ஒரு இழுப்பு..."

அக்கா அவர் கையைப் பிடித்தாள். "உள்ள வாங்க. முக்கியமான வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"உக்கார்ற வேலை."

அவரைக் கொட்டகைக்குள் தள்ளி, கதவைச் சாத்திப் பூட்டினாள்.