இரவல் பாவம்

"ஒரு சிகரெட்கூடவா பிடிச்சதில்ல?" என்று கேட்டாள் பாஸ்டரின் மனைவி நொயெமி அக்கா, கல்லில் கிடந்த சோள ரொட்டியை வெறும் விரலால் புரட்டிப் போட்டபடி.

வெஸ்லி யோசித்தான். நெப்ராஸ்காவில் கழித்த தன் ஆயுள் முழுவதையும் சட்டைப்பையைக் கவிழ்ப்பதுபோல் கவிழ்த்துப் பார்த்தான். ஒன்றும் விழவில்லை. கடைசியில், ஜெபத்தின்போது எல்லோரும் கண்ணை மூடியிருக்கையில் தான் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்ப்பதுண்டு என்று ஒப்புக்கொண்டான். சொல்லும்போதே காது சிவந்தது.

"அதெல்லாம் ஒரு பாவமா? நான் எல்லா ஜெபத்துலயும் திறந்துதான் வச்சிருப்பேன். அடுப்ப யாரு பாக்குறது?" என்றாள் அக்கா. பிறகு அவன் தட்டில் இன்னொரு ரொட்டியைப் போட்டு, அதன்மேல் பீன்ஸும் வெண்ணெயும் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தாள். பரிதாபம் வந்தால் அவளுக்குக் கை தாராளமாகிவிடும்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை, ஸ்பானிஷ் பேசும் மலையூரான எல் மிராதோரில் சபை ஆண்டுவிழா. சுற்றியிருக்கிற மலைக் கிராமங்களிலிருந்து விசுவாசிகள் காப்பி லாரிகளில் நின்றுகொண்டு வருவார்கள். வாழையிலையில் கட்டிய இறைச்சிக் கொழுக்கட்டை அண்டா அண்டாவாக வேகும். வாடகை ஸ்பீக்கர் வரும், பக்கத்து ஊர் நாய்களுக்கும் சுவிசேஷம் கேட்கும். அன்றைக்கு மேடையேறி, ஆண்டவர் தன்னை எப்படி மாற்றினார் என்று சாட்சி சொல்ல வேண்டியவன் வெஸ்லி. அடுத்த வாரம் அவன் ஊருக்குத் திரும்புகிறான். ஆங்கிலம் சொல்லித்தரவும் ஆண்டவரைச் சொல்லித்தரவும் வந்த வெள்ளைக்காரப் பையனுக்குச் சபை தரக்கூடிய பெரிய மரியாதை அந்த மைக்தான்.

மைக் கிடைத்துவிட்டது. சொல்வதற்குத்தான் ஒன்றுமில்லை. எல் மிராதோரில் சாட்சி என்றால் முதலில் ஆள் பள்ளத்தில் கிடக்க வேண்டும். குடி, கத்தி, அடுத்தவர் மனைவி, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இல்லாவிட்டால் ஜனங்கள் விசிறியை எடுத்துவிடுவார்கள். காப்பிக் கூட்டுறவில் மூட்டை எடை போடுகிற செல்வின் பிரதரின் சாட்சிதான் இந்த வட்டாரத்திலேயே பேர்போனது. ஆள் இப்போது ஈக்கும் வழிவிட்டு நடப்பவர். ஆனால் சாட்சியில் முந்தின வருடம் ஒருவரைக் குத்தியிருந்தார், போன வருடம் அது மூன்று பேராகியிருந்தது. முதலில் குத்துப்பட்டதாகச் சொல்லப்படுகிற காப்பி வியாபாரி தோன் எவெலியோ வருடாவருடம் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, தான் குத்துப்படும் இடம் வந்ததும் கையை உயர்த்தி ஆமென் சொல்வார்.

இதற்கு நடுவில் வெஸ்லி. பாஸ்டர் மகன், பாஸ்டர் பேரன். அவன் பேசிய ஸ்பானிஷும் வேத வாசிப்பிலிருந்து கற்றது. ஆகவே கடைத்தெருவில், "அம்மணி, எனக்கு இரண்டு முட்டைகளைத் தந்தருளும்" என்றுதான் கேட்பான். கடைக்காரம்மா முட்டையை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுப்பாள். ஊருக்கே அவன்மேல் பிரியம். அவனுக்கோ காலையில் கண் விழித்ததிலிருந்து நெஞ்சுக்குள் யாரோ மத்தளம் தட்டுவதுபோல் இருக்கும். மலை, மேகம், வெயிலில் காயும் காப்பிக்கொட்டை, அழுத்தி அழுத்தி 'குட் மார்னிங்' சொல்லும் வாண்டுகள், எல்லாமே உற்சாகம். ஒரே ஒரு குறை. இத்தனை மாதத்தில் அவன் சொல்லி ஒரு ஆள்கூடச் சபைக்கு வரவில்லை. வாண்டுகள் வந்தார்கள். ஆனால் பிஸ்கட் இல்லாத ஞாயிறுகளில் அவர்களுக்கும் விசுவாசம் குறைந்துவிடும்.

அவன் சபைக்குக் கொண்டுவர ஆசைப்பட்டது ஒரே ஒருவனைத்தான். ஓல்வின். நொயெமி அக்காவின் தம்பி. பாஸ்டர் ஹெரார்தோவுக்கு மைத்துனன். சிவப்பு ஆட்டோ ஓட்டுகிறவன். ஆட்டோவின் பின்கண்ணாடியில் 'அவசரமென்றால் நடந்து போ' என்று எழுதி வைத்திருந்தான். பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் அவன்தான் முதல் மாணவன். மலையில் பறவை பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் பேரம் பேசுவதற்காகச் சேர்ந்தவன், இப்போது ஆங்கிலத்திலேயே கிண்டலடிக்கிற அளவுக்குத் தேறியிருந்தான். சபைக்கு மட்டும் வரமாட்டான். அக்காவை வாசல்வரை கொண்டுவந்து இறக்கிவிட்டு, இன்ஜினை அணைக்காமலே திரும்பிவிடுவான்.

அந்த வாரம் வகுப்பில் வெஸ்லி, முன்பு நான் எப்படி இருந்தேன் என்று ஆளுக்கொரு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னான். பாடத்தோடு பாடமாகத் தனக்கும் ஏதாவது யோசனை கிடைக்குமென்று உள்ளூர ஒரு நப்பாசை. தையற்கடை அம்மா முன்பு புகைத்தாளாம். ரொட்டிக்கடைக்காரர் முன்பு சேவற்சண்டையில் பந்தயம் கட்டினாராம். செல்வின் பிரதர் முன்பு செய்ததையெல்லாம் சொல்ல ஆங்கிலம் போதாமல் கையால் குத்திக் காட்டினார். எல்லோரும் சொல்லி முடித்து ஆவலாக வாத்தியாரைப் பார்த்தார்கள். முன்பு நான் உயரம் குறைவாக இருந்தேன் என்றான் வெஸ்லி. வகுப்பில் ஓர் இரங்கல் நிலவியது.

வகுப்பு கலைந்ததும் ஓல்வின் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு நின்றான். வெஸ்லி கேட்காமலேயே விஷயத்துக்கு வந்தான்.

"வாத்தியாரே, ஞாயித்துக்கிழம நான் வர்றேன்."

வெஸ்லிக்கு வானத்தில் குதிக்க வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் பன்றிக்குட்டி நின்றதால் குதிக்கவில்லை.

"உள்ள வரமாட்டேன். வாசல்ல வண்டியிலயே உக்காந்து கேப்பேன், இன்ஜின் ஓடிக்கிட்டுதான் இருக்கும். நிஜத்த மட்டும் சொல்லணும். செல்வின் மாதிரி அளந்துவிட்டா கியரப் போட்டுக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்."

"நான் பொய் உரைக்கிறவன் அல்ல, ஓல்வின்."

"இன்னும் ஞாயித்துக்கிழம வரலியே வாத்தியாரே."

பிறகு எங்கோ பார்த்தபடி அவன் சொன்னதை அதற்குமுன் யாரும் சொல்லி வெஸ்லி கேட்டதில்லை. சில வருடங்களுக்கு முன்னால் ஓல்வினும் அதே மைக்கைப் பிடித்தவன்தான். குடியை விட்டேன் என்றான். சபையே அழுதது, அக்கா மயங்கி விழுந்தாள். அந்த மாதம் முடிவதற்குள் ஒரு கல்யாண வீட்டில் மறுபடி குடித்துவிட்டான். அடுத்த ஞாயிறு, அதையும் சொல்லிவிடுவோம் என்று நேராக மேடைக்குப் போனான். பாஸ்டர் அவன் தோளில் கைபோட்டு, மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டு, உன் சாட்சியைத்தான் போன மாசமே கேட்டோமே தம்பி என்று பாட்டை ஆரம்பித்துவிட்டார்.

"எந்திரிச்ச கதைன்னா மைக் குடுக்குறாங்க," என்றான் ஓல்வின். "மறுபடி விழுந்த கதைன்னா கரண்ட் போயிருது." ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

வெஸ்லிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தினால் அல்ல. இத்தனை மாதம் காத்திருந்தது வாசல்வரை வந்துவிட்ட சந்தோஷத்தில்.

ஆனால் சபையின் நல்லெண்ணம் அவனைச் சும்மா விடவில்லை. பக்கத்துச் சபைகள் எல்லாம் வருகிறபோது நம் பையன் மேடையில் வெறுங்கையோடு நிற்பதா என்று ஊருக்குக் கவலை. தையற்கடை அம்மா, ஒரு பெண்ணையாவது ஏமாற்றியதாகச் சொல்லிவிடேன், அவள் நெப்ராஸ்காவில்தானே இருக்கிறாள், யார் போய்க் கேட்கப்போகிறார்கள் என்றாள். செல்வின் பிரதர் சனிக்கிழமை கூட்டுறவின் தராசுக்குப் பின்னால் அவனைத் தனியாக அழைத்துப்போனார். சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, எங்கிட்ட நெறைய இருக்கு. ஒண்ணு எடுத்துக்கோ."

"சகோதரரே, எதை?"

"கத்தி. சின்னது வேண்டாம், பெருசா எடுத்துக்கோ. நான் இந்த வருசம் குடியோட நிறுத்திக்கிறேன்." அவர் கண் கலங்கியிருந்தது. தன் கத்தியைத் தாரைவார்ப்பது லேசான காரியமா என்ன. அந்த அன்பைப் பார்த்து வெஸ்லியால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. தலையை ஒரு மாதிரி ஆட்டினான். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சபை வழிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பி, ஜன்னல் திண்டெல்லாம் ஆள். கடைசி பெஞ்சை மட்டும் எல்லோரும் தவிர்த்திருந்தார்கள். அதற்கு ஒரு கால் குட்டை. யார் உட்கார்ந்தாலும் சிமெண்ட் தரையில் 'டக்' என்று ஒரு தட்டு தட்டும். தாமதமாக வருகிறவர்களைக் காட்டிக்கொடுக்கிறது என்பதனால் பாஸ்டர் அதைச் சரிசெய்ய விட்டதில்லை. பாஸ்டரின் நாய் ஏறிப் படுத்தாலும் அதே டக்தான். அந்தப் பெஞ்சுக்கு ஆள் பேதம் கிடையாது.

மூன்றாவது பாட்டு முடிகையில் வெளியே ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இன்ஜின் அணையவில்லை. திறந்த கதவுக்கு வெளியே, வெயிலில், சிவப்பு. ஓல்வின் கைப்பிடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறுகையால் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தான். வெஸ்லியின் நெஞ்சுக்குள் மத்தளம் எகிறியது. பாஸ்டர் மைக்கை நீட்டினார்.

அவன் உள்ளதையே சொன்னான். நாலாவது வயதில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன் என்றான். ஆறாவது வயதில், முதல் தடவை சரியாகப் பதியாமல் போயிருக்குமோ என்ற சந்தேகத்தில், மறுபடி ஏற்றுக்கொண்டேன் என்றான். பிறகு ஒவ்வொரு கோடை முகாமிலும் ஒரு தடவை. ஜனங்கள் மரியாதையாகக் காத்திருந்தார்கள். பள்ளம் எங்கே வரும் என்று முன்வரிசைக் கிழவர் ஒருவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். விசிறிகள் மெல்ல வெளியே வந்தன. பக்கத்து ஊர்ப் பெண்மணி தன் வீட்டுக்காரரிடம், இவரு எப்பங்க கெட்டுப்போவாரு என்று கேட்டது மேடைவரை கேட்டது. செல்வின் பிரதர் பொறுக்கமாட்டாமல் இடுப்பருகே கையை வைத்து, கத்தி, கத்தி என்று சைகை காட்டினார்.

"ஓர் இரவிலே," என்றான் வெஸ்லி, தன் வாயிலிருந்து வருவதைத் தானே ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டு, "என் கையிலே ஒரு கத்தி இருந்தது."

விசிறிகள் நின்றன. நாற்காலிகள் எல்லாம் ஒரே சமயத்தில் முன்னால் நகர்ந்தன. டிரம்ஸ் அடிக்கிறவன் குச்சியைக் கையில் எடுத்தான். யாரோ ஆமென் என்றார்கள். அந்த ஆமென் கரும்புச்சாறு மாதிரி அவனுக்குள் இறங்கியது. அவன் இரண்டு பேரைச் சந்துக்குள் வரவழைத்தான். நெப்ராஸ்காவில் அவன் ஊரில் சந்தே கிடையாது, எல்லாம் சோளக்காடு. அதனால் என்ன, வரவழைத்தான். ஆமென்கள் கூடின. வானமே கொஞ்சம் தாழ்ந்து வந்து கேட்பதுபோல் இருந்தது.

வாசலில் கொய்யாப்பழம் தரையில் விழுந்தது. கிளட்சைப் பிடித்துக் கியர் விழும் சத்தம், கரக்.

வெஸ்லி நிறுத்தினான்.

"பொய்," என்றான். அத்தனை மாதமும் அவனை விட்டுப் பிரியாத வேத பாஷை அந்த நிமிடம் எங்கோ போய்விட்டது. ஓல்வினிடமும் நொயெமி அக்காவிடமும் கேட்டுக் கேட்டுக் காதில் தங்கியிருந்தது மட்டும் வந்தது. "கத்தி என்னோடது இல்ல. செல்வின் பிரதரோடது. அவரு பாசத்துல குடுத்தாரு, நான் வாங்கி இங்க வீசிக் காட்டிட்டேன். உங்க எல்லார் முன்னாடியும், இந்த மைக்லயே பொய் சொன்னேன். நல்லா வேற இருந்துச்சு. நிறுத்தவே மனசு வரல."

டிரம்ஸ்காரன் குச்சியைக் கீழே வைத்தான். பாஸ்டர் எழுந்து வந்து அவன் தோளில் கைபோட்டார். மறுகை மைக்கைத் தேடிவந்தது. அந்தக் கையை வெஸ்லிக்குத் தெரியும். கேள்விப்பட்டிருந்தான்.

"கொஞ்சம் இருங்க பாஸ்டர். இன்னும் முடியல," என்று வயர் போகிற தூரம்வரை பின்னால் போனான். "நாலு வயசுலயே எந்திரிச்சவன் நான். இப்பத்தான் விழுந்தேன், நீங்கல்லாம் பாத்துக்கிட்டு இருக்கும்போதே. அதையும் சொல்லிட்டுத்தான் தருவேன்."

இரண்டாம் வரிசையில் தோன் எவெலியோ கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"ஆமென்," என்றார். "என்னையும் அவரு குத்தவே இல்ல."

அத்தனை தலைகளும் செல்வின் பிரதரைப் பார்த்துத் திரும்பின. அவர் நாற்காலிக்குள் புதைந்து, பிறகு எழுந்து நின்றார். காப்பி மூட்டை எடையைச் சொல்கிற அதே குரலில், "கீறல். வாழைக்குலை வெட்டும்போது. என் கையில," என்றார். முதலில் சிரித்தது தோன் எவெலியோதான். பிறகு சபை முழுவதும் தீப்பிடித்ததுபோல் ஆனது. சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத சத்தம். தையற்கடை அம்மா, தான் இன்னும் கொல்லையில் ஒளிந்து புகைப்பதாகக் கையைத் தூக்கிக்கொண்டு சொன்னாள். லாரியில் வந்தவர்கள் மேடையை நோக்கி வரிசை கட்ட ஆரம்பித்தார்கள். எதற்கென்று தெரியாமலே கீபோர்டுகாரன் ஒரு மெட்டை வாசித்துவிட்டான். இப்படி ஒரு ஆண்டுவிழாவைப் பார்த்தறியாத பாஸ்டர் ஹெரார்தோ, தனக்குத் தெரிந்த ஒரே வழியாக இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"கண்களை மூடுவோம்," என்றார். "ஜெபிப்போம்."

எல்லோரும் மூடினார்கள். நொயெமி அக்கா மட்டும் திறந்து வைத்திருந்திருப்பாள். வெஸ்லியின் இமை வழக்கம்போல் துடித்தது. ஆனால் பார்க்கப் பயமாக இருந்தது. வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஜெபத்தில் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு, மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டு, காதை மட்டும் வாசலுக்கு அனுப்பினான். அவன் நெஞ்சின் துடிப்பு ஸ்பீக்கரில் சபைக்கெல்லாம் கேட்டது. அதற்கும் பின்னால், வெயிலில், இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஓடியது. ஒரு தரம் இருமியது.

நின்றது.

பாஸ்டர் யார் யாருக்காகவோ வேண்டிக்கொண்டே போனார். பின்னாலிருந்து மெதுவாக, சிமெண்ட் தரையில், ஒரு 'டக்'.