முன்பக்கம் ஏறியவர்

இரவெல்லாம் பெய்த மழையில் ஊறிக் கிடந்த வெட்டவெளியின்மேல் இளங்கதிர் தன் பொன்னொளியைப் பரப்ப, அவ்வெளியின் ஓரத்தே நீண்டு கிடந்த தொழிற்கூடத்தின் தகரக் கூரைகள் ஆவி விட்டு மினுங்க, சேற்றில் அழுந்திய இரும்புச் சுவடுகளில் தேங்கிய நீர் வானத்தைத் துண்டு துண்டாகக் காட்டிக்கொண்டிருந்த அந்தக் காலை வேளையில், புதிய கவச ஊர்தியொன்று வெள்ளோட்டத்துக்கு ஆயத்தமாய் நின்றது. தேர்வெழுதப் போகும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதை வரைந்த வரைவாளர்.

கற்றறிந்தோரே, இவ்வூர்தியின் மூதாதையை அவர் நன்கறிவார். அது கூரையற்ற ஓர் இரும்புத் தொட்டி. இளமையில் தம் தோழரோடு அதற்குள் அமர்ந்து போருக்குச் சென்றவர் அவர். தலைக்குமேல் வெடித்த குண்டு இரும்புத் துணுக்குகளாய்ப் பொழிய, இறங்கி ஓடக் கதவின்றி உடனிருந்தோர் அத்தொட்டிக்குள்ளேயே மடிய, முழங்கால் நொறுங்கிய தோழரைப் பக்கச் சுவரின்மேல் தூக்கி வெளியே தள்ளித் தாமும் குதித்துப் பிழைத்தார். இனி எவன் ஏறினாலும் தலைக்குமேல் கூரையும் முதுகுக்குப் பின்னே கதவும் இருக்கவேண்டுமென்று இருவரும் அன்று சேற்றில் கிடந்தபடியே உறுதி பூண்டனர். அத்தோழரே பின்னாளில் அவர் தங்கையின் கணவராகி, இத்தொழிற்கூடத்தின் தலைமைப் பொறியாளருமானார்.

கூரை வந்தது, சக்கரங்கள் போய்ச் சங்கிலிப் பட்டைகள் வந்தன, பின்புறம் அகன்ற கதவும் வந்தது. ஆயினும் வீரரை இறக்கிவிட்டுத் திரும்பும் வெறும் பெட்டி போதாதென்று மேலிடம் முகஞ்சுளிக்க, ஊர்தியின் உச்சியில் பீரங்கி ஏறியது. பீரங்கிக்குக் குண்டுகள் வேண்டும். குண்டுகளுக்கு இடம் வேண்டும். வீரரின் இருக்கைகள் ஒவ்வொன்றாய்க் குறைந்தன. வரைவாளர் முணுமுணுத்தபடியே எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தார். கதவில் மட்டும் கை வைக்கக்கூடாது என்றார். மாப்பிள்ளை அவர் கையைப் பற்றி, உங்கள் தங்கைமேல் ஆணை என்று சொல்லியிருந்தார்.

வெள்ளோட்ட வீரர்கள் உள்ளே அமர்ந்திருந்தனர். கதவையொட்டிய இருக்கையில் இருந்தவன் வரைவாளரின் ஒரே மகன். திறந்திருந்த கதவை அவர் விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். அது அவருக்கு நெடுநாள் பழக்கம். உள்ளே வெற்றிடம் விட்டுத் தாம் வரைந்த கதவு கணீரென்று ஒலிக்க வேண்டும். அதுவோ நிரம்பிய குடம்போல் மந்தமாய் ஒலித்தது. அசைத்தபோது உள்ளே ஏதோ தளும்பிற்று.

தலைமைப் பொறியாளர் அருகே வந்தார். மறைக்கவில்லை.

"குண்டு வைக்க இடம் பத்தல மச்சான். டீசலைக் கதவுக்குள்ள விட்டுட்டேன். சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி காலி பண்ணிக்குவாங்க."

"அன்னைக்கு நம்ம வண்டியில எதைக் காலி பண்ண நேரம் இருந்துச்சு மாப்பிள்ளை?"

மேலிடத்தார் காத்திருப்பதாகவும், வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாமென்றும் மாப்பிள்ளை மழுப்பினார். ஒருவேளை அந்தத் தொட்டியை மறந்தேபோனாரோ என்று வரைவாளரின் மனம் தங்கைக்காகச் சமாதானம் தேடியது.

வெள்ளோட்டத்தில் தலைமைப் பொறியாளரும் ஏறவேண்டுமென்று மேலிடத்தார் அழைத்தனர். பின்கதவின் படியோ முழங்கால் உயரங்கூட இல்லை. உள்ளிருந்த மகன் நகர்ந்து இடம் விட்டான்.

"இப்படி வாங்க மாமா. கதவு திறந்துதான இருக்கு."

"இல்லப்பா. எனக்கு முன்னாடி காத்து வேணும்."

அக்கதவைக் கடந்து, ஊர்தியைச் சுற்றிக்கொண்டு, முன்புறத்தின் உயர்ந்த இரும்புச் சரிவை அடைந்தார் அவர். மடங்காத முழங்காலை இருவர் தாங்க, பல்லைக் கடித்து, வியர்த்து விறுவிறுத்து மேலேறி, ஓட்டுநருக்குப் பின்னுள்ள மேல்திறப்பின் வழியே உள்ளே இறங்கினார். வரைவாளர் அதை இமைகொட்டாமல் பார்த்து நின்றார்.

பிறகு பின்புறம் ஏறி, மகனை உள்ளே தள்ளி அமரச் சொல்லிவிட்டு, கதவையொட்டித் தாமே அமர்ந்து அதை இழுத்துச் சாத்தினார். ஊர்தி உறுமிப் புறப்பட, ஒவ்வொரு திருப்பத்திலும் எரிநெய் அவர் முதுகுக்குப் பின்னே தளும்பிக்கொண்டே வந்தது. வெளியே கைதட்டல் மங்கலாய்க் கேட்டது. மறந்து செய்திருந்தால் மன்னித்திருப்பார். தங்கையிடமும் ஒரு சொல் சொல்லாதிருந்திருப்பார். அந்த முழங்கால் எதையும் மறக்கவில்லை.